ஒன்பதாம் நம்பர் மலையில் ரதி

என் அப்பாவைக் காவல் வேலைக்கு வைத்தவர் அவரைப் பற்றி இரண்டு விஷயங்களை யோசித்திருக்க வேண்டும். ஒன்று, அவருக்கு இடது கால் இழுத்து இழுத்துத்தான் நடக்கும். இன்னொன்று, அவர் வாயைத் திறந்தால் இரண்டு மலைக்கு அப்பால் கேட்கும். இப்படிப்பட்ட ஆள் எந்தக் காலத்தில் யாரைப் பிடிப்பது? இருந்தும், நான் நாலாம் ஆண்டு படித்த காலத்தில், பசறைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தின் ஒன்பதாம் நம்பர் மலைக்கு அவர்தான் வாச்சர்.

மலை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தோட்டத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர் போட்டு மலை என்றுதான் சொல்வார்கள். ஒன்பதாம் நம்பரில் நான் பிறப்பதற்கு முன்பே கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வெட்டிவிட ஆளில்லாத தேயிலை மரமாக வளர்ந்து நின்றது. இடையில் மானாப்புல் ஆளுயரம் ஏறியிருந்தது. மலையின் அடியில் ஒரு ஆறு. அதை ஆறு என்று நாங்கள்தான் சொல்வோம், மழையில்லாத மாதத்தில் என் முழங்காலைக்கூடத் தொடாது. ஆனால் அதன் இந்தக் கரையில் வருடம் முழுக்க இளம்புல் இருக்கும். அந்தக் கரை அரசாங்கத்துப் பைன் காடு. பைன் மரத்தடியில் காய்ந்த ஊசி இலைதான் கிடக்கும், மாடு வாய் வைக்க ஒன்றும் முளைக்காது. அதனால் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து மாடுகள் எல்லாம் இந்தக் கரையில்தான் மேய்ந்தன. யாரும் யாரிடமும் கேட்டது கிடையாது.

அந்த ஆற்றோரத்தைத்தான் பதுளையில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி தோட்டத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்தார். அவருக்குச் சீனி வருத்தம். நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னாராம். கடைத்தெருவில் நடந்தால் எதிரே வருகிறவனெல்லாம் ஆணி விலை கேட்கிறான் என்று சலித்துக்கொண்டு, நடப்பதற்காகவே ஒரு மலையை எடுத்துவிட்டார். பெரிய மனிதர்கள் செய்கிற காரியம் அப்படித்தான் இருக்கும். ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டார். சனிக்கிழமை தோறும் கெப் வண்டியில் கூட்டாளிகளோடு வந்து குளிப்பார், கோழி சுடுவார், எயார் ரைபிளைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்கோழி தேடிப் போவார். பிறகு நல்ல சாதி மாடு நாலு வாங்கி அங்கே விட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதுவரைக்கும் வேறு யார் மாடும் அந்தப் புல்லில் வாய் வைக்கக் கூடாது. அகப்படுகிற மாட்டைக் கெப்பில் ஏற்றிப் பசறைப் பொலிசில் விட்டுவிடுவேன் என்று லயத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். கெப்பில் ஏறின மாடு திரும்பி வந்ததாக எங்கள் பக்கத்தில் சரித்திரமே இல்லை.

அப்பா அதற்கு முன் கவ்வாத்து ஆள். தேயிலையை மட்டமாக வெட்டுகிற வேலை, கத்தி சவரக்கத்தி மாதிரி இருக்கும். ஒரு நாள் அது செடிக்குப் பதிலாக அவர் காலில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஏற்றத்தில் நிற்க முடியவில்லை. அம்மாவின் கொழுந்துச் சம்பளத்தில் நாங்கள் மூன்று பேர் சாப்பிட்டோம். அந்த நேரத்தில் இந்த வாச்சர் வேலை வந்தது. அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

அப்பாவுக்கு இன்னொரு பேரும் உண்டு. ரதி. எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். சிவன் காமனை எரித்துப்போட, அவன் பெண்சாதி ரதி புலம்புவாள். பதினைந்து வருடமாக அந்த ரதி எங்கள் அப்பாதான். அம்மாவின் கலியாணச் சேலையைக் கட்டிக்கொண்டு அவர் புலம்ப ஆரம்பித்தால், சாராயம் போட்டுவிட்டு வந்து கும்மாளம் அடிக்கிறவர்கள்கூட மூக்கை உறிஞ்சுவார்கள். கால் போன பிறகும் ரதி வேஷம் போகவில்லை. புருஷன் செத்தவள் நொண்டினால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள்?

அந்தப் புலம்பலைத்தான் அப்பா காவலுக்குப் போகும்போதும் பாடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் தேத்தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு கூடவே போவேன். முள்ளுக்கம்பியைத் தாண்டி ஒன்பதாம் நம்பரில் கால் வைத்ததும் தொண்டையைச் செருமுவார். உடனே ரதி அழத் தொடங்கிவிடுவாள். கீழே ஆற்றங்கரைக்கு வந்து சேர அவர் காலுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் விடாமல் அழுகைதான். எதற்குப் பாடுகிறீர்கள் என்று கேட்டால், பாம்பு விலகிப் போகும் என்பார். நானும் நம்பினேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது இந்தக் கரையில் ஒரு மாடும் இருக்காது. எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பைன் மரத்தடியில் வரிசையாக நின்று, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஒன்றும் தெரியாத முகத்தோடு அசை போட்டுக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் மேய்க்கிற ஆட்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதத்தில் ஆளே தேவைப்படவில்லை. ரதி வாயைத் திறந்ததும் மாடுகள் தாமாகவே தண்ணீரில் இறங்கிவிடும். அப்பாவைக் கண்டால் மாடுகளுக்கு அவ்வளவு பயம் என்று நான் பெருமைப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லியும் வைத்தேன்.

அந்த மாடுகளில் ஒன்று என் அத்தையினுடையது. அத்தை அப்பாவின் தங்கை, எங்கள் லயத்திலேயே கடைசிக் காம்பராவில் இருந்தாள். மாமா தவறிப் போய் மூன்று வருடம். மூன்று பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து எல்லாம் அந்த மாட்டின் பாலில்தான் வந்தது. காலையில் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போகும்போதே அத்தை மாட்டை அவிழ்த்து விட்டுவிடுவாள். அது தனியாகப் போய் மேய்ந்துவிட்டுத் தனியாக வந்து சேரும். செவலை, நெற்றியில் வெள்ளை. என்னைக் கண்டால் கையை நக்கும். நக்கினால் மணல்தாள் தேய்த்த மாதிரி இருக்கும்.

இதில் நஷ்டப்பட்டவர் முதலாளி ஒருவர்தான். அவர் துவக்கோடு வருகிற சனிக்கிழமைகளில் அப்பா முன்னே வழி காட்டிக்கொண்டு போவார், பாடிக்கொண்டே. மாடே ஆற்றைத் தாண்டுகிறபோது காட்டுக்கோழி காத்திருக்குமா? முதலாளி அந்த வருடத்தில் சுட்டது ஒரே ஒரு பலாக்காய். ஆனால் மனிதர் நல்லவர். அப்பா பாடினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டதைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

அவர் கோபப்பட்டது சாணிக்குத்தான். ஒரு சனிக்கிழமை, துவாயைக் கட்டிக்கொண்டு குளிக்க இறங்கியவர், வெறுங்காலைப் புதுச் சாணியில் வைத்துவிட்டார். கூட்டாளிகள் சிரித்துவிட்டார்கள். சாணியைவிட அந்தச் சிரிப்புத்தான் அவரைச் சுட்டிருக்க வேண்டும்.

"வாச்சர், நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஒரு மாடும் வரலேங்கிறீங்க. அப்ப இது என்ன, வானத்துல இருந்து விழுந்திச்சா?"

அப்பா ஆற்றில் தண்ணீர் மொண்டு வந்து அந்தக் காலில் ஊற்றினார்.

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள ஒரு மாட்டையாவது புடிச்சுக் கட்டி வைங்க. இல்லாட்டி நான் வேற ஆளப் பாக்க வேண்டியிருக்கும். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க."

தேத்தண்ணிப் போத்தலைக் கட்டிக்கொண்டு நான் பின்னால் நின்றேன். வேற ஆள் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். மறுபடியும் ராத்திரிக்கு ரொட்டியும் சம்பலும் மட்டும். அம்மா தனக்குப் பசியில்லை என்று சொல்லுகிற நாட்கள். அப்பாவோ வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றுமே நடக்காதது போல மானாப்புல்லைக் கிள்ளிப் பல்குத்திக்கொண்டு வந்தார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு மாடு பிடிக்க முடியாதா? அவ்வளவு பயப்படுகிற மாடுகளை?

அந்த வாரம் முழுக்க மழை. அப்பா நனைந்து நனைந்து வெள்ளிக்கிழமை தொண்டை கட்டிவிட்டது. சனிக்கிழமை விடிந்தபோது சத்தமே இல்லை, காற்றுத்தான் வந்தது. அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்துப் படுக்கச் சொன்னாள். அப்பா கையை விரித்து, சத்தம் இல்லாமல் எப்படிப் போவது என்பது போல ஜாடை காட்டினார்.

"முதலாளி பத்து மணிக்குத்தானே வருவாரு. ஒம்போது மணிக்கு மெதுவா எறங்கி, கையாலயே வெரட்டி விடுங்க," என்றாள் அம்மா. சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள்.

அங்கேதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. காவல் காக்கக் கண்தானே வேண்டும், தொண்டை எதற்கு? அப்பா கண் அசந்ததும் நான் கொடியில் கிடந்த கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஆற்றங்கரையில் அன்று ஆறு மாடுகள். ஒன்றுகூட அசையவில்லை. என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டன. அப்பாவுக்குத்தான் பயப்படும், எனக்குப் பயப்படாது என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. எந்த மாட்டைப் பிடிப்பது? அந்தக் கறுப்பு மாடு முட்டும். கடாரி ஓடிவிடும். அத்தையின் செவலை தானாக வந்து என் கையை நக்கியது.

நான் யோசிக்காமல் செய்யவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நன்றாகவே யோசித்தேன். வேறு யார் மாட்டையாவது பிடித்தால் லயத்தில் சண்டை வரும். அத்தை மாடு என்றால் நம் மாடு. முதலாளி வந்து பார்ப்பார். வாச்சர் மாடு பிடித்துவிட்டார் என்று சந்தோஷப்படுவார். பிறகு இது என் தங்கச்சி மாடு என்று அப்பா சொன்னால் விட்டுவிடுவார். வேலையும் நிற்கும், மாடும் நிற்கும். இதைவிட நல்ல திட்டம் இருக்கிறதா? கயிற்றைக் கழுத்தில் போட்டு, கொட்டகைத் தூணில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். கட்டின கையோடு புல்லும் பிடுங்கிப் போட்டேன். பாவம், நிற்க வேண்டுமே.

முதலாளி அன்றைக்கென்று எட்டரை மணிக்கே வந்துவிட்டார். கொழும்பிலிருந்து புதிதாக இரண்டு கூட்டாளிகள் வேறு. மாட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதை இன்றைக்கும் மறக்க முடியாது.

"யாரு பாப்பா புடிச்சது?"

"அப்பாதாங்க புடிச்சாரு."

"பாத்தீங்களா, எங்க வாச்சர!" என்று கூட்டாளிகளிடம் திரும்பினார். "பாட்டுக்காரருன்னு நெனச்சேன், வேலைக்காரருதான்." உடனே டிரைவரைக் கூப்பிட்டு, கெப்பின் பின்பக்கத்தைத் திறந்து பலகை சாய்க்கச் சொன்னார். மாட்டை ஏற்றிப் பசறைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்படி சொன்னார். எல்லாரும் பார்க்கிற மாதிரி லயத்து வழியாகவே போக வேண்டுமாம்.

என் திட்டத்தில் பலகை கிடையாது. அப்பா வரும்வரை காத்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். டிரைவர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நான் மூன்று முடிச்சுப் போட்டிருந்தேன் அல்லவா, அவருக்கு அவிழவில்லை. அந்த மூன்றாவது முடிச்சுத்தான் அன்றைக்கு மாட்டைக் காப்பாற்றியது. அதற்குள் மேலே தேயிலைக்கு நடுவில் அப்பாவின் தலை தெரிந்தது. நான் வீட்டில் இல்லாததைப் பார்த்துத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் ஓடி வந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஓட்டம் என்றால் ஒரு கால் ஓட்டம். இரண்டு இடத்தில் விழுந்து எழும்பினார்.

வந்தவர் மாட்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

"யாரு மாடு வாச்சர் இது?" என்றார் முதலாளி.

அப்பா வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. முதலாளி கிட்டே வந்து காதைக் கொடுத்தார். அப்பா தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னார்.

"எம் மாடுங்க."

முதலாளிக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. மூன்றாவது தரம் அப்பா கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "எம் மாடுதாங்க முதலாளி. நான்தான் கட்டிப் போட்டு மேய்ச்சேன்."

கொழும்புக் கூட்டாளி ஒருவர் சத்தமாகச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. நான் பேச வாயெடுத்தேன். இது அத்தை மாடு, நான்தான் பிடித்தேன் என்று சொல்லத்தான் போனேன். அப்பாவின் கை என் உச்சந்தலையில் வந்து உட்கார்ந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது, ஆனால் பேச முடியவில்லை.

"உங்கள நம்பித்தானே விட்டேன்," என்றார் முதலாளி. அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார். பிறகு, "மாட்ட அவுத்துக்கிட்டுப் போங்க. உங்க மாட்டப் பொலிசுக்கு அனுப்ப எனக்கு மனசு வரல்ல. நாளைல இருந்து வர வேணாம்," என்றார்.

அப்பா ஒரே இழுவையில் மூன்று முடிச்சையும் அவிழ்த்தார். அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மாட்டை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

பாதி வழியில் அத்தை கூடையோடு ஓடி வந்தாள். மலையில் யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பாட்டுச் சத்தமே கேக்கலியேண்ணே. நீ இன்னிக்கி எறங்கலேன்னுதானே நானும் சும்மா இருந்துட்டேன்," என்றாள். அவள் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பாட்டுக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

"மாடுதான் வந்திருச்சே. போ, போய்க் கொழுந்தப் பாரு. அரைப்பேரு போட்டுருவாங்க," என்று அப்பா காற்றாலேயே சொன்னார். எடை குறைந்தால் தோட்டத்தில் அன்றைய வேலையைப் பாதி நாளாகத்தான் பதிவார்கள், அதுதான் அரைப்பேர். வேலை போன மனிதர் தங்கச்சியின் அரைப்பேருக்குக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

சாயந்தரம் அம்மா விறகுக் குச்சியை எடுத்தாள். அப்பா நடுவில் வந்து நின்றுகொண்டார். "அவள ஒண்ணும் செய்யாத. நல்லது நெனச்சித்தான் செஞ்சா," என்றார். நான் அம்மாவிடம் அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். எனக்கு அப்பா மேல் இரண்டு கோபம். அவர் பொய் சொன்னது ஒன்று. பொய் சொல்வதானால் வேலை நிற்கிற மாதிரி ஒரு பொய் சொல்லத் தெரியாதது மற்றொன்று. தங்கச்சி மாடு என்று உண்மையைச் சொல்லியிருந்தாலே போதுமே என்று பல நாள் மனசுக்குள் அவரோடு வாதாடினேன். வேறொருத்தி மாடு என்றால், அதுவும் அந்தக் கூட்டாளிகள் முன்னால், பலகை சாய்த்த பிறகு முதலாளி விட்டிருப்பாரா என்று யோசிக்க எனக்கு அப்போது வயது போதவில்லை.

இரண்டு கிழமையில் புது வாச்சர் வந்தார். இளவட்டம், வேறு தோட்டத்துப் பையன். காலில் ரப்பர்ச் சப்பாத்து, நடந்தால் சத்தமே கேட்காது. இவரிடம் தினம் ஒரு மாடு அகப்படும் என்று லயமே பேசிக்கொண்டது. ஆற்றுக்கு இறங்குகிற பாதை எங்கள் லயத்தை ஒட்டித்தான் போகும். அந்தப் பையன் அப்பாவைக் கண்டால் மரியாதையாக, "சுகமா அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போவான். அப்பாவும் சிரித்துத் தலையாட்டுவார்.

அப்பாவுக்கு அப்போது தொண்டை சரியாகியிருந்தது. காம்பராவுக்குப் பின்னால் போஞ்சி போட்டிருந்தார். மிச்ச நேரமெல்லாம் லயத்துக் கோடியில், பீலித் தண்ணீர் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து பார்த்தால் ஒன்பதாம் நம்பர் மலை முழுக்கத் தெரியும்.

அந்தப் பையன் வளைவில் இறங்கி மறைந்ததும் அப்பா தொண்டையைச் செருமுவார். உடனே ரதி அழத் தொடங்குவாள். முன்னே பாடியதைவிட உரக்க. காமனை எரித்துவிட்டாயே என்று மலைகள் எல்லாம் எதிரொலிக்கும். மாசி மாதம் வர இன்னும் எட்டு மாதம் இருந்தது.

எனக்கு அதைக் கேட்கச் சகிக்காது. என்னால்தானே வேலை போயிற்று, அந்தத் துக்கத்தில்தான் தினமும் இப்படி அழுகிறார் என்று நினைத்தேன். இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு காம்பராவின் மூலையில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் தாங்க முடியாமல் அம்மாவிடம் ஓடினேன்.

"அப்பாவ அழ வேணாம்னு சொல்லும்மா. நான் இனிமே ஒண்ணும் செய்ய மாட்டேன்."

அம்மா அப்பாவை எட்டிப் பார்த்தாள். பிறகு கீழே ஆற்றுப் பக்கம் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவளின் தோள் குலுங்கியது. அம்மாவையும் அழ வைத்துவிட்டேன் என்று நான் இன்னும் பெரிதாக அழுதேன்.

ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அங்கே அத்தையின் செவலை முன்னால் நடக்க, மற்ற ஐந்து மாடுகளும் பின்னால் தண்ணீரில் இறங்கி, அவசரப்படாமல் அந்தக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தன.